இருபது நிமிடக் கேள்விகள்

இந்த மாதம் நான் ஒரு நாவலைப் பற்றிப் பேசுவதாகத்தான் ஏற்பாடு. நாவலைப் பாதி படித்து வைத்திருக்கிறேன். மீதியைப் படிக்க முடியாமல் போன காரணமே இன்றைய பேச்சாகிவிட்டது. ஒருங்கிணைப்பாளர்களிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன், உடனே ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் பாதிப் பேர் என் தொழில்காரர்கள் என்பதும் காரணமாக இருக்கலாம்.

நான் நெதர்லாந்தில் ஐந்தோவன் நகரத்தில் இருக்கிறேன். டேட்டா எஞ்சினியர். தகவல்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சிந்தாமல் சிதறாமல் கொண்டுசேர்க்கும் வேலை என்று என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். "அப்போ தண்ணி லாரி மாதிரின்னு சொல்லு" என்றார். அதைவிட நல்ல விளக்கம் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பதினைந்து நிமிடக் காணொளிக் கூட்டம் ஒன்றில் எங்கள் குழு மொத்தமும் கலைக்கப்பட்டது. திறன்மிக்க பணியாளர் அனுமதியில் இந்த நாட்டுக்கு வந்தவர்களுக்கு, வேலை முடிந்த நாளிலிருந்து அடுத்த வேலை தேட அதிகபட்சம் மூன்று மாதம் அவகாசம். அதற்குள் கிடைக்காவிட்டால் கிளம்ப வேண்டியதுதான். எங்கள் வீட்டில் நான்கு பேரின் அனுமதியும் என் வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு நாற்பத்து மூன்று வயது. கடைசியாக நேர்காணலில் பதில் சொல்லும் நாற்காலியில் உட்கார்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கேள்வி கேட்கும் நாற்காலியில் நிறையவே உட்கார்ந்திருக்கிறேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆக, சாப்பாட்டு மேஜையில் மகன் ஒரு பக்கம் வீட்டுப்பாடம், நான் ஒரு பக்கம் வீட்டுப்பாடம். லீட்கோட் என்ற தளத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகள் குவிந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, எளிது, நடுத்தரம், கடினம் என்று முத்திரை உண்டு. என்னைப் போன்ற டேட்டா வேலைக்காரர்களுக்குத் தவறாமல் வரும் கேள்வி ஒன்று: ஓர் அட்டவணையில் இரண்டாவது அதிகச் சம்பளம் எது என்று கண்டுபிடி. சம்பளமே இல்லாதவளிடம் கேட்கிற கேள்வியா இது?

கேள்விகளைப் போட்டுத் திணறும்போதெல்லாம் எனக்குள் வேறொரு கேள்வி எழும். இதை முதன்முதலில் கண்டுபிடித்தவர் யார்? அவருக்கு எத்தனை நாள் ஆயிற்று? இரவு பதினோரு மணிக்கு மேல், படிக்க வேண்டியதை விட்டுவிட்டு அதைத் தேடத் தொடங்கினேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "தயார் பண்றியா, கதை படிக்கிறியா" என்பார். இரண்டும்தான்.

எனக்குத் தெரிந்தவரை இந்தத் தொழிலின் முதல் நேர்காணல்களில் ஒன்று 1945-இல் நடந்தது. அமெரிக்க ராணுவத்துக்காகப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூர் பள்ளியில் எனியாக் என்ற கணினி உருவாகிக்கொண்டிருந்தது. பீரங்கிக் குண்டுகளின் பாதையைக் கையால் கணக்கிடும் பெண்கள் அங்கே ஏராளமாக வேலை செய்தார்கள். அவர்களிலிருந்து ஆறு பேரை அந்த எந்திரத்துக்காகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் ஒருவரான ஜீன் ஜென்னிங்ஸ், பின்னாளில் ஜீன் பார்ட்டிக், தன் நேர்காணலைத் தன்வரலாற்றில் விவரித்திருக்கிறார். ராணுவத் தரப்பில் பொறுப்பாளராக இருந்த ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் அவரிடம் மின்சாரத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். ஜீன் கணிதப் பட்டதாரி, இயற்பியலும் கொஞ்சம் படித்தவர். ஓம் விதியைச் சொன்னார். அதெல்லாம் வேண்டாம், மின்சாரத்தைக் கண்டால் பயமா என்றுதான் கேட்கிறேன் என்றார் கோல்ட்ஸ்டைன். பயமில்லை என்றார் ஜீன். அப்போதும் அவர் காத்திருப்போர் வரிசையில்தான் இருந்தார், இன்னொருவர் வர முடியாமல் போனதால்தான் இடம் கிடைத்தது.

வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்த ஆறு பேரையும் தொடக்கத்தில் எந்திரத்தைப் பார்க்கவே விடவில்லை. ரகசிய அனுமதி வரவில்லை என்று காரணம் சொன்னார்கள். கையில் வரைபடங்களை மட்டும் கொடுத்தார்கள். பாடநூல் கிடையாது, ஆசிரியர் கிடையாது. வரைபடங்களிலிருந்தே எந்திரத்தைப் புரிந்துகொண்டு அதற்கு நிரல் அமைத்தார்கள். பயமா இல்லையா என்ற அந்த ஒற்றைக் கேள்வி இவ்வளவு பெரிய வேலைக்கு ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டது என்பதை யோசிக்கும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. அந்தப் பொறாமையும் முழுக்க நியாயமில்லை. 1946 பிப்ரவரியில் எந்திரத்தை உலகுக்கு அறிமுகப்படுத்தி விருந்து வைத்தபோது அவர்களை அழைக்கவே இல்லை.

பத்து வருடத்தில் நிலைமை மாறிவிட்டது. கணினிகள் நிறுவனங்களுக்குள் வந்தன. நிரலாளர்கள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டார்கள், ஆனால் நல்ல நிரலாளர் என்றால் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. படிப்பு என்று ஒன்று இருந்தால்தானே மதிப்பெண் பார்க்க? 1955-இல் ஐபிஎம் நிறுவனம் ஒரு திறனறித் தேர்வை உருவாக்கியது. எண் வரிசையில் அடுத்த எண் எது, படங்களுக்கிடையே உள்ள உறவு என்ன, சில கணக்குகள். அவ்வளவுதான். இந்த வரலாற்றை விரிவாக எழுதியிருப்பவர் நேத்தன் என்ஸ்மெங்கர் என்ற வரலாற்றாசிரியர். 1967 ஒரு வருடத்தில் மட்டும் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தத் தேர்வை எழுதினார்கள் என்கிறார். தேர்வில் வாங்கும் மதிப்பெண்ணுக்கும் பின்னால் செய்யும் வேலைக்கும் பெரிய தொடர்பில்லை என்று அப்போதே ஆய்வுகள் சொல்லிவிட்டன. இருந்தும் தேர்வு நிற்கவில்லை. ஏனென்றால் அது மலிவு, வேகமானது, ஆயிரம் பேரை ஒரே நாளில் ஐம்பதாகக் குறைத்துவிடும்.

தேர்வு வந்தால் கோனார் உரையும் வந்துவிடும் அல்லவா! விடைகள் கை மாறத் தொடங்கின. கல்லூரி ஆண்களின் சங்கங்கள், ஆண்கள் மட்டுமே உறுப்பினராக இருந்த மன்றங்கள் வழியாக அவை புழங்கின என்கிறார் என்ஸ்மெங்கர். இந்த இடத்தைப் படித்தபோது சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தயாரிப்பு என்பது உழைப்பு மட்டும்தான் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். எந்த அறைக்குள் உனக்கு அனுமதி உண்டு என்பதும் தயாரிப்பில் சேர்த்திதான்.

இன்னொன்று 1966-இல் நடந்தது. வில்லியம் கேனன், டாலிஸ் பெர்ரி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1,378 நிரலாளர்களிடம் விருப்பு வெறுப்புகளைக் கேட்டு, நிரலாளர் மனம் இப்படிப்பட்டது என்று ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். கேட்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். முடிவு: நிரலாளர்களுக்குப் புதிர்கள் பிடிக்கும், மனிதர்களோடு நெருங்கிப் பழகுவது பிடிக்காது. அப்போது வேலையில் இருந்தவர்களின் குணத்தை எடுத்து, இனி வேலைக்கு வருபவர்களுக்கான நிபந்தனையாக வைத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே, 1967-இல், அமெரிக்கப் பெண்கள் இதழான காஸ்மோபாலிட்டன் கணினிப் பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. அதில் கிரேஸ் ஹாப்பர், நிரல் எழுதுவது விருந்துக்குத் திட்டமிடுவதைப் போன்றது என்று சொல்லியிருக்கிறார். இரண்டும் ஒரே தொழிலைப் பற்றியவைதான். நேர்காணல் அறைகளுக்குள் நுழைந்தது முதலாவது.

எங்கள் ஊருக்கும் அது வந்து சேர்ந்தது. நான் தமிழ்நாட்டில் பொறியியல் படித்த காலத்தில், வளாகத் தேர்வுக்கு முந்தைய மூன்று மாதமும் விடுதியில் பாடப் புத்தகங்களைத் தொடுவாரில்லை. ஆர். எஸ். அகர்வாலின் தடித்த கணக்குப் புத்தகமும் சகுந்தலா தேவியின் புதிர்ப் புத்தகமும்தான். இரண்டும் பக்கம் பக்கமாக ஜெராக்ஸ் எடுக்கப்பட்டு அறை அறையாகச் சுற்றும். ரயில் பாலத்தைக் கடக்க எத்தனை வினாடி என்று சொன்னவர்களுக்கெல்லாம் மென்பொருள் வேலை கிடைத்தது. நானும் அப்படி வந்தவள்தான்.

அமெரிக்காவில் இதே புதிர் மோகம் தொண்ணூறுகளில் மைக்ரோசாஃப்ட் நேர்காணல்களால் உச்சத்துக்குப் போனது. சாக்கடை மூடி ஏன் வட்டமாக இருக்கிறது, ஃபியூஜி மலையை எப்படி நகர்த்துவாய் என்பது போன்ற கேள்விகள். 2004-இல் கூகுள் கலிஃபோர்னியா நெடுஞ்சாலையில் ஒரு விளம்பரப் பலகை வைத்தது. நிறுவனத்தின் பெயர்கூட இல்லாத பலகை. கணிதத்தில் ஈ என்று அழைக்கப்படும் மாறிலியின் இலக்கங்களில் முதலில் வரும் பத்து இலக்கப் பகா எண்ணைக் கண்டுபிடித்தால் அதுவே ஓர் இணைய முகவரி, அதன் வழியே போனால் வேலைக்கான அழைப்பு. ஒன்பது வருடம் கழித்து, 2013-இல், அதே நிறுவனத்தில் ஆளெடுப்புக்குத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் நியூயார்க் டைம்ஸ் பேட்டியில் இந்த வகைப் புதிர்கள் வெறும் நேர விரயம், எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை, கேட்பவருக்குத் தான் புத்திசாலி என்ற திருப்தியைத் தருவதோடு சரி என்று ஒப்புக்கொண்டார்.

புதிர்கள் போய் அந்த இடத்துக்கு அல்காரிதக் கேள்விகள் வந்தன. வெள்ளைப் பலகை, ஒரு பேனா, முன்னால் ஓர் ஆள், இருபது நிமிடம். இது நியாயமான மாற்றம்தான், குறைந்தபட்சம் நிரல் எழுதச் சொல்கிறார்களே. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒரு கேள்வியை மட்டும் முழுதாகச் சொல்கிறேன். பைனரி சர்ச். தொழிலுக்கு வெளியே இருப்பவர்கள் பயப்பட வேண்டாம், நீங்கள் எல்லோரும் செய்வதுதான். க்ரியா அகராதியில் ஒரு சொல்லைத் தேடும்போது முதல் பக்கத்திலிருந்து புரட்டமாட்டீர்கள். நடுவில் திறப்பீர்கள். தேடும் சொல் அதற்கு முன்னால் என்றால் பின்பாதியை விட்டுவிட்டு முன்பாதியை மறுபடி நடுவில் திறப்பீர்கள். இவ்வளவுதான் யோசனை. ஒரு குழந்தைக்குச் சொல்லிப் புரியவைத்துவிடலாம்.

இந்த முறை 1946-இல், அதே மூர் பள்ளியில் நடந்த சொற்பொழிவுகளில், எனியாக்கை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் மாக்லியால் பேசப்பட்டது. ஆனால் எத்தனை உருப்படிகள் இருந்தாலும் பிழையில்லாமல் வேலை செய்யும் வடிவம் அச்சில் வந்தது 1960-களின் தொடக்கத்தில்தான் என்று டொனால்ட் நூத் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். நடுவில் திற, பாதியை விடு என்பதைப் பிழையில்லாமல் அச்சேற்ற உலகத்தின் மிகக் கூர்மையான மூளைகளுக்கு ஏறத்தாழ பதினைந்து வருடம் ஆகியிருக்கிறது. ஓரங்களில்தான் சிக்கல். ஒரே ஒரு பக்கம் மிஞ்சினால்? இரண்டு மிஞ்சினால் நடுப்பக்கம் எது? தேடும் சொல் அகராதியிலேயே இல்லையென்றால் எப்போது நிறுத்துவது?

எண்பதுகளில் ஜான் பென்ட்லி இதை ஒரு சோதனையாகவே வைத்தார். அனுபவமுள்ள நிரலாளர்களுக்கு நடத்திய வகுப்புகளில் பைனரி சர்ச் எழுதச் சொல்லி இரண்டு மணி நேரம் கொடுத்தார். பிறகு அவரவர் நிரலை அவரவரே சோதிக்க அரைமணி. தொண்ணூறு சதவீதம் பேர் தங்கள் நிரலில் தாங்களே பிழை கண்டுபிடித்தார்கள். பென்ட்லி தன் நிரலைச் சரி என்று தர்க்கபூர்வமாக நிறுவி 1986-இல் புத்தகமாகவும் போட்டார்.

இருபது வருடம் கழித்து, 2006-இல், பென்ட்லியின் வகுப்பில் மாணவராக உட்கார்ந்திருந்த ஜோஷுவா பிளாக் ஒரு குறிப்பு எழுதினார். அப்போது அவர் கூகுளில் இருந்தார். ஜாவா மொழியின் நூலகத்தில் இருந்த பைனரி சர்ச்சை எழுதியவர் அவர்தான். அதில் ஒரு பிழை ஒன்பது வருடமாக யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது. அதே பிழை பென்ட்லியின் புத்தகத்திலும் இருந்தது. நடுவைக் கண்டுபிடிக்கக் கீழெல்லையையும் மேலெல்லையையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோம் அல்லவா, அந்தக் கூட்டலில்தான் பிழை. ஜாவாவில் சாதாரண முழுஎண் சுமார் 214 கோடி வரைதான் போகும். பட்டியலில் ஏறத்தாழ 107 கோடி உருப்படிகளுக்கு மேல் இருந்தால் கூட்டுத்தொகை அந்த எல்லையைத் தாண்டிக் குதித்து எதிர்மறை எண்ணாகிவிடும். நிரல் விழுந்துவிடும். எண்பதுகளில் அவ்வளவு பெரிய பட்டியல் யாரிடமும் இல்லை, அதனால் பிழை தூங்கிக்கொண்டிருந்தது.

இதைச் சென்ற வருடம் சாப்பாட்டு மேஜையில் படித்தபோதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பத்து வருடங்களுக்கு முன்பு நான் சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகத்தில் இருந்தேன். சனிக்கிழமைகளில் ஆளெடுப்பு நடக்கும். நான் கேள்வி கேட்கும் பக்கம். எனக்குப் பிடித்த கேள்வி பைனரி சர்ச். எளிமையானது, நியாயமானது, அடிப்படை தெரிந்தவன் எழுதிவிடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பையன் வந்தான். சாத்தூர்ப் பக்கம். சட்டையைப் புதிதாக வாங்கியிருக்க வேண்டும், காலர் பட்டையின் மடிப்புக்கோடு அப்படியே இருந்தது. கேள்வியைச் சொன்னதும், "பட்டியல்ல எத்தனை நம்பர் இருக்கும் மேடம்?" என்று கேட்டான்.

"அதெல்லாம் முக்கியமில்லை, நீங்க எழுதுங்க" என்றேன்.

எழுதினான். கை லேசாக நடுங்கியது. இரண்டு உருப்படிகள் மிஞ்சும் இடத்தில் அவன் நிரல் முடிவில்லாமல் சுற்றியது. சுட்டிக் காட்டினேன். அழித்தான், மறுபடி எழுதினான், மறுபடி சுற்றியது. இருபது நிமிடம் முடிந்தது. படிவத்தில் "அடிப்படை போதாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையில் இருந்த விடைத்தாளில், நானே எழுதியதில், கீழெல்லையையும் மேலெல்லையையும் கூட்டி இரண்டால் வகுத்திருந்தேன். பிளாக் எழுதி அதற்குள் பல வருடங்கள் ஆகிவிட்டன. நான் படிக்கவில்லை. எத்தனை எண்கள் என்பது முக்கியம்தான். அதை அந்த அறையில் கேட்டது அவன் ஒருவன்தான்.

அவன் பிழையும் உண்மையான பிழைதான், அதை மறைக்கவில்லை. ஆனால் பென்ட்லியின் ஆட்களுக்குக் கிடைத்த இரண்டரை மணி நேரத்தை நான் அவனுக்குக் கொடுக்கவில்லை.

லீட்கோட்டின் 53-ஆம் கேள்வியும் எனக்குப் பிடித்துப்போனது. எண்களின் ஒரு வரிசை, சில நேர், சில எதிர். தொடர்ச்சியாக எந்தப் பகுதியை எடுத்தால் கூட்டுத்தொகை மிக அதிகம்? இன்று இதற்கு நடுத்தரம் என்று முத்திரை. 1977-இல் பிரவுன் பல்கலைக்கழகத்தின் உல்ஃப் கிரெனாண்டர், படங்களில் வடிவங்களைக் கண்டறியும் ஆராய்ச்சிக்காக இதைப் போட்டு மல்லாடினார். அவர் முறை மிக மெதுவாக ஓடியது. மைக்கேல் ஷேமோஸிடம் சொன்னார், அவர் ஓர் இரவில் வேகமான வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். இதற்கு மேல் முடியாது என்று ஷேமோஸும் பென்ட்லியும் நினைத்தார்கள். சில நாள் கழித்து ஷேமோஸ் இதை ஒரு கருத்தரங்கில் சொன்னபோது அங்கே உட்கார்ந்திருந்த ஜே கடேன் என்ற புள்ளியியலாளர் ஒரே நிமிடத்தில் இன்றைய விடையைச் சொல்லிவிட்டார். அந்த ஒரு நிமிடம்தான் நேர்காணலுக்குள் வந்திருக்கிறது. கிரெனாண்டரின் மல்லாட்டமும் ஷேமோஸின் இரவும் வெளியே நின்றுவிட்டன. அவை இல்லாமல் கேள்வி அவ்வளவு சுத்தமாக வடிகட்டப்பட்டுக் கடேனின் காதுக்குப் போயிருக்காது.

நமக்குத் தருமி கதை தெரியும். இறைவன் எழுதிக் கொடுத்த பாட்டைக் கொண்டுபோய்ச் சபையில் படித்தான். பொற்கிழி கைக்கு எட்டும் நேரத்தில் நக்கீரர் குறுக்கே ஒரு கேள்வி கேட்டார். பாட்டு அவனுடையதல்ல, அதனால் பதில் இல்லை. நேர்காணலுக்குத் தயாராகும் நாங்கள் எல்லோரும் ஓரளவு தருமிகள்தான். கடேனின் விடையை மனப்பாடம் செய்து எங்களுடையது போலச் சொல்கிறோம். யோசிப்பது போல இடையில் கொஞ்சம் நிறுத்தவும் வேண்டும், இல்லாவிட்டால் ஏற்கெனவே தெரியும் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த நடிப்புக்கும் கண்ணாடி முன் பயிற்சி செய்தேன். வறுமை தருமியைச் சபைக்கு அனுப்பியது. மூன்று மாதக் கெடு என்னை அனுப்பியது.

என் மூன்றாவது நேர்காணல் இந்த ஊரிலேயே ஒரு நிறுவனத்தில். கிடங்குகளுக்கிடையே சரக்கு வண்டி போகக் குறுகிய பாதை கண்டுபிடிக்க வேண்டும். டெய்க்ஸ்ட்ராவின் அல்காரிதம் என்று பார்த்ததுமே தெரிந்தது. எழுதினேன். ஒவ்வொரு முறையும் இதுவரை தொடாத இடங்களையெல்லாம் வரிசையாகப் பார்த்து, மிக அருகில் இருப்பதை எடுக்கும் எளிய வடிவம். விடை சரியாக வந்தது. எதிரே இருந்த இளைஞர் தலையசைத்துவிட்டு, இதைவிட வேகமாக முடியுமா என்றார். முடியும். ஹீப் என்ற அடுக்கமைப்பைப் பயன்படுத்த வேண்டும். அதற்கு முந்தைய இரவு இரண்டு முறை எழுதிப் பார்த்ததுதான். அந்த நிமிடத்தில் என் மூளை துடைத்துவிட்ட பலகையாக இருந்தது. இரண்டு நாளில் மறுப்புக் கடிதம் வந்தது. மரியாதையான கடிதம்.

எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா இந்த நாட்டுக்காரர். 1962 முதல் இருபது வருடத்துக்கும் மேலாக இதே ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். நான் தினமும் சைக்கிளில் கடக்கும் கட்டடங்கள் அவை. 1956-இல் அவருக்கு இருபத்தாறு வயது. ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் ஆர்மாக் என்ற புதிய கணினியைப் பொதுமக்களுக்குக் காட்ட, எல்லோருக்கும் புரிகிற ஒரு கணக்கு தேவைப்பட்டது. ரோட்டர்டாமிலிருந்து குரோனிங்கனுக்குக் குறுகிய வழி எது என்பதைப் போன்ற ஒன்று. ஒரு காலை வருங்கால மனைவியோடு கடைவீதிக்குப் போய்க் களைத்து, ஒரு காபிக் கடையின் வெளித்திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது தோன்றிவிட்டது. இருபது நிமிடம் என்று அவரே பின்னாளில் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். காகிதமோ பென்சிலோ இல்லாததால்தான் அது அவ்வளவு எளிமையாக அமைந்தது என்பது அவர் கருத்து. மூன்று பக்கக் கட்டுரையாக அச்சில் வந்தது 1959-இல்.

அதே இருபது நிமிடம்! ஆனால் அவரை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கையில் காபி இருந்தது. தோன்றாவிட்டால் மறுநாள் யோசிக்கலாம். இன்னொன்றும் இருக்கிறது. என்னிடம் எதிர்பார்க்கப்பட்ட ஹீப் அமைப்பை ஜே. டபிள்யூ. ஜே. வில்லியம்ஸ் வெளியிட்டது 1964-இல். டெய்க்ஸ்ட்ரா திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அப்படி ஒன்று அச்சிலேயே இல்லை. அவருடைய 1959 கட்டுரையைக் கொண்டுபோய் அந்த இளைஞரிடம் கொடுத்திருந்தாலும் இதைவிட வேகமாக முடியுமா என்றுதான் கேட்டிருப்பார். இதை நினைத்து அன்றிரவு தனியாகச் சிரித்தேன். பிறகு அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டெய்க்ஸ்ட்ராவைப் பற்றி இன்னொரு செய்தி. 1957-இல் அவர் திருமணத்தைப் பதிவு செய்யப் போனபோது, தொழில் என்ற இடத்தில் நிரலாளர் என்று எழுதினார். அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று ஆம்ஸ்டர்டாம் நகராட்சி ஏற்க மறுத்துவிட்டது. கடைசியில் கோட்பாட்டு இயற்பியலாளர் என்று பதிந்திருக்கிறார்கள். அந்த நாட்டில்தான் இன்று அந்தத் தொழிலின் பெயரால் எனக்கு அனுமதி அட்டை தருகிறார்கள்.

என் மூளை ஏன் துடைத்துப் போயிற்று என்பதற்கும் ஒரு பதில் கிடைத்தது. 2020-இல் வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து ஒரு சோதனை நடத்தின. 48 மாணவர்கள். பாதிப் பேர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வெள்ளைப் பலகையில் நிரல் எழுதினார்கள், மீதிப் பேர் தனியறையில் அதே பலகையில். பார்க்கப்பட்டவர்களின் செயல்திறன் மற்றவர்களில் பாதிதான் இருந்தது. பார்க்கப்பட்ட பெண்களில் ஒருவர்கூடத் தேறவில்லை. தனியறையில் எழுதிய பெண்கள் அனைவரும் தேறினார்கள். சிறிய சோதனை, இதை வைத்துப் பெரிய முடிவுக்கு வரக்கூடாது என்று ஆய்வாளர்களே எச்சரிக்கிறார்கள். நான் அதை அச்செடுத்துக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டினேன்.

பதினோராவது வாரம் ஒரு சிறிய நிறுவனத்தில் கூப்பிட்டார்கள். நேரில். ஒரு மடிக்கணினியைக் கொடுத்து, இந்த அட்டவணையில் மொத்தம் தவறாக வருகிறது, ஏன் என்று தெரியவில்லை, எதை வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு மணி நேரம். பழுதைக் கண்டுபிடித்துவிட்டேன். வாடிக்கையாளர் பட்டியலில் ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகி, இணைக்கும்போது விற்பனை இரட்டிப்பாகியிருந்தது. என் வேலைநாட்களில் பாதி இதைத்தான் செய்கிறேன். இந்த முறையிலும் குறைகள் உண்டு. வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் கைக்குழந்தை உள்ளவர்களால் முடியாது. இப்போது செயற்கை நுண்ணறிவு இதையெல்லாம் நொடியில் செய்துவிடுவதால் கேட்பவர்களுக்கும் குழப்பம். எனக்கு வேலை கிடைத்தது. கெடுவுக்குப் பதினேழு நாள் மிச்சம் இருந்தது.

புது இடத்தில் மூன்றாவது மாதமே என்னையும் ஆளெடுப்பில் உட்காரச் சொன்னார்கள். என்ன கேள்வி வைத்திருக்கிறீர்கள் என்றார் மேலாளர். ஒரு வாரம் தாருங்கள் என்றேன். அந்த வாரத்தில், சென்னையில் பயன்படுத்திய பழைய குறிப்பேடுகளைத் தேடிப் பார்த்தேன். ஊரில் அம்மாவை விட்டுப் பரணிலும் தேடச் சொன்னேன். சாத்தூர்ப் பையனின் பெயர் எனக்கு நினைவில்லை. படிவங்கள் அந்த அலுவலகத்தோடு போய்விட்டன. காலர் மடிப்பு மட்டும் நினைவிருக்கிறது.

ஒருங்கிணைப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். இனி நீங்கள் கேள்வி கேட்கலாம். தெரியாவிட்டால் தெரியாது என்பேன்.